அளவு நூலும் இணைக் காலுறையும்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. கொள்ளும் இடம் பெரிதாயினும் கொடுக்கும் கை அளவறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வரவு சிறிதாயினும் செலவு பெருகாதாயின் கேடில்லை என்னும் பொருள்பட உரைத்தருளினார். இவ்வளவறிவு அரசர்க்கும் இல்லறத்தார்க்கும் உரியதெனப் பேசப்படுவதே பெருவழக்கு. நாம் ஈண்டுக் காணப் புகுவது, அது ஓர் எளிய கைத்தொழிலில் எவ்வாறு விளங்கிற்று என்பதனை. கையிலுள்ள சிறிதளவு கம்பளி நூலைக் கொண்டு ஓர் இணைக் காலுறை பின்னி முடிப்பது எவ்வாறு என்னும் வினா சிறியதே. ஆயினும் அவ்வினாவின் பின்னே பஞ்சமும் போரும் அரசாணையும் பெண்டிர் உழைப்பும் அடங்கிய நெடிய வரலாறு ஒன்றுண்டு.

வெப்ப நாட்டிற் பிறந்த நமக்குக் கம்பளிக் காலுறை இன்றியமையாத பொருளன்று. வடபுலத்து நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களே, மார்கழிக் குளிரில் முற்றத்து வெயிலில் அமர்ந்து பின்னும் அண்டை வீட்டுப் பெண்டிரைக் கண்டு இக்கலையின் அருமையை உணர்ந்தன. அவர் கைகளில் ஊசிகள் தாமே இயங்குவனபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணக்கு நடைபெறுகிறது.

காலுறைக்கெனத் தனி இடர்ப்பாடு ஒன்றுண்டு. போர்வைக்கு நூல் போதாவிடின் சிறிய போர்வையாக முடிக்கலாம். மேற்சட்டைக்குப் போதாவிடின் கையைக் குறுக்கலாம். காலுறையோ இரண்டாயிருந்தாலன்றிப் பயன்படாது. ஒன்று முழுமை பெற்று மற்றொன்று குதிகாலோடு நின்றுவிட்டால், நூலும் உழைப்பும் ஒருங்கே வீணாகும். ஒன்றரைக் காலுறையால் குளிர் காத்துக்கொண்டவர் எவருமிலர்.

நெசவும் பின்னலும்

நெசவில் பாவும் ஊடும் என இருவகை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைகின்றன. ஆடை தைக்க வேண்டுமாயின் துணியை வெட்ட வேண்டும். வெட்டினால் துண்டுகள் கழியும். ஊசிப் பின்னலில் ஒரே இழை கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணிகளினூடே அடுத்த வரிசை நுழைந்து செல்கிறது. திருப்பூர் நகருக்குப் புகழ் தந்த பனியனை உற்று நோக்கினால் இவ்வமைப்பினையே காணலாம்; அது பொறியால் ஆவது, இது கையால் ஆவது.

இவ்வமைப்பினால் விளையும் நன்மைகள் மூன்று. கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் குதிகாலின் வளைவையும் விரல்களின் கூம்பலையும் வெட்டாமலே உருவாக்கலாம், ஆதலின் கழிவில்லை. கண்ணி நெகிழ்ந்து கொடுப்பதால் காலோடு பொருந்தி நிற்கும். மூன்றாவது நன்மை யாவற்றினும் சிறந்தது. பின்னியதைப் பிரித்தால் இழை மீண்டும் இழையாகவே கைக்கு வரும். குறைந்த பொருளுடையோர் இக்கலையை விடாது பற்றி வந்தமைக்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

எகிப்து நாட்டுச் சான்றுகள்

காலுறை வரலாற்றின் பழஞ்சான்றுகளை எகிப்து நாட்டின் வறண்ட மணல் காத்து வைத்திருக்கிறது. ஆக்சிரிங்கஸ் என்னும் பழம்பதியில் கிடைத்த, பெருவிரலுக்கும் ஏனைய விரல்களுக்கும் இடையே பிளவுபட்ட கம்பளிக் காலுறைகள், இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. வாரமைந்த செருப்போடு அணிதற்கேற்ப அவை அவ்வாறு பிளவுபட்டன. அவற்றின் காலம் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை எனக் கணிக்கப்படுகிறது.

அண்டினோபோலிஸ் என்னும் மற்றொரு பழம்பதியின் குப்பை மேட்டில் 1913-14ஆம் ஆண்டு அகழாய்வில் ஒரு குழந்தையின் இடக்காலுறை கிடைத்தது. ஏறத்தாழக் கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த அதனைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் போற்றி வைத்துள்ளனர். அதன் பல வண்ணக் கோடுகளை ஆராய்ந்த அறிஞர் 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மஞ்சிட்டி இனத்துச் செஞ்சாயம், நீலச் சாயம், மஞ்சட் சாயம் என்னும் மூன்றே தாவரச் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அவ்வண்ணங்கள் யாவும் ஆக்கப்பட்டன என்பது அவர் கண்டது. உள்ளது சிறிதாயினும் அதனைப் பலவாக்கும் திறம் அன்றே இருந்தது.

இக்காலுறைகள் இன்றைய ஊசிப் பின்னலால் ஆனவை அல்ல. ஒற்றையூசியில் இழையைக் கோத்து, ஒவ்வொரு கண்ணியிலும் அவ்விழை முழுவதையும் இழுத்து முடிவது அக்காலத்து முறை. நீண்ட இழையை ஒவ்வொரு முறையும் இழுத்தல் இயலாது. ஆகவே சிறு சிறு இழைகளை இணைத்துக்கொண்டே செல்வர். வேறு பணியில் எஞ்சிய துணுக்கு நூலும் இம்முறையில் பயன்பட்டுவிடும். இரண்டூசிக்கு மேற்கொண்டு தொடரிழையாற் பின்னும் உண்மையான பின்னலும் அந்நாட்டிலேயே பிற்காலத்தில் தோன்றக் காண்கிறோம். நீலமும் வெண்மையும் கலந்த இடைக்காலப் பருத்திக் காலுறைகள் அதற்குச் சான்று. அவை விரல் முனையிலிருந்து மேல்நோக்கிப் பின்னப்பட்டவை. இச்செய்தியை நினைவில் இருத்துக. பின்னர் இதன் பயன் விளங்கும்.

டெண்ட் பள்ளத்தாக்கின் சிறுமியர்

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டளவில் காலுறைப் பின்னல் பெருந்தொழிலாயிற்று. 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையாற் பின்னிப் பிழைப்போர் இரவலராவரே என அஞ்சி எலிசபெத் அரசியார் அதற்கு உரிமை வழங்க மறுத்தார் என்பது செவிவழிச் செய்தி. பொறி பரவிய பின்னரும் மலைநாட்டு எளியோரிடையே கைப்பின்னல் நின்று நிலவியது.

யார்க்‌ஷயர் மலைப்புறத்து டெண்ட் பள்ளத்தாக்கில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் நடக்கும்போதும் ஆடு மாடு ஓட்டும்போதும் பின்னிக்கொண்டே இருந்தனர். இடுப்பிற் செருகிய மரக்கோலில் ஓர் ஊசியை ஊன்றி, மற்றக் கைக்கு ஓய்வு தந்து அவர்கள் விரைந்து பின்னினர். அங்குப் பின்னல் கற்க அனுப்பப்பட்ட இரு சிறுமியர் அவ்வாழ்வின் கடுமை தாங்காது, தம் வீடு நோக்கி நடந்தே தப்பியோடிய வரலாற்றைக் கவிஞர் இராபர்ட் சதே தம் நூலில் இடம்பெறச் செய்தார். சிக்கனம் வேறு, வறுமை வேறு. தானே அளந்து செலவிடுபவள் சிக்கனமுடையவள். பிறர் அளந்து கொடுத்ததைக் கொண்டு உயிர்வாழ்பவள் வறியவள். காலுறையின் வரலாற்றில் இவ்விருவரையுமே நாம் சந்திக்கிறோம்.

அகழியும் காலுறையும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் படைவீரர் நீர் நிறைந்த அகழிகளில் நாட்கணக்கில் நின்றனர். ஈரமும் குளிரும் இறுகிய காலணியும் சேர்ந்து காலின் இரத்த ஓட்டத்தைத் தடுத்தன. கால் மரத்து, வீங்கி, நிறம் மாறி, முற்றிய நிலையில் தசை அழுகிற்று. விரல்களையோ பாதத்தையோ வெட்டி நீக்க நேர்ந்தவர் பலர். 1914-15 குளிர்காலத்தில் மட்டும் இந்நோய்க்கு ஆளாகி மருத்துவம் பெற்ற பிரிட்டிஷ் படையினர் 20,000 பேருக்கு மேற்பட்டவர். மருத்துவர் கண்ட காப்பு மிக எளியது. காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் பூசி, உலர்ந்த காலுறை மாற்றுதல் வேண்டும். அதற்கு ஒவ்வொரு வீரனிடமும் மாற்றிணைகள் இருத்தல் வேண்டும்.

அந்நாளில் போரமைச்சராயிருந்தவர் கிச்சனர் பிரபு. 1902 முதல் 1909 வரை இந்தியாவில் படைத்தலைவராயிருந்தவர் இவரே. இவர் வேண்டுகோளின்படி மேரி அரசியார் 1914 இலையுதிர் காலத்தில் நாட்டுப் பெண்டிரிடம் 3,00,000 இணைக் காலுறைகள் கேட்டார். அரண்மனை முதல் குடிசை வரை ஊசிகள் இயங்கின. ஆஸ்திரேலியப் பெண்டிர் போர் முடிவதற்குள் 13 இலட்சம் இணைகளுக்கு மேல் பின்னியனுப்பினர். முகமறியா வீரனுக்கு நலம் வேண்டி எழுதிய சிறு சீட்டைக் காலுறைக்குள் மடித்து வைத்த சிறுமியரும் இருந்தனர்.

காலுறையின் விரல் முனையைத் தைத்து மூடினால் ஒரு தடிப்பு எழும். நெடுந்தூரம் நடக்கும் காலில் அத்தடிப்பு புண்ணாக்கும். இருபுறக் கண்ணிகளையும் தையலூசியால் கண்ணியோடு கண்ணியாகப் பொருத்தி, பொருத்திய இடமே தெரியாமல் முடிக்கும் முறைக்குக் கிச்சனர் பெயரே இன்றளவும் வழங்குகிறது. அதனை அவரே கண்டார் என்பதற்கு உறுதியான சான்றில்லை. 1916 ஜூன் மாதம் அவர் சென்ற கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்க, அவரும் மறைந்தார். பெயர் மட்டும் காலுறை முனையில் தங்கிற்று.

போர் நீள நீள நூல் அரிதாயிற்று. சீருடைக்கும் போர்வைக்குமே கம்பளி போதாத நிலையில், 1916இல் பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலியாவின் கம்பளி விளைவு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டது. அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியதும் ஆங்கும் அதே நிலை. அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் வீரர்க்குக் காலுறை பின்னுமாறு ஊர்தோறும் சுவரொட்டி வழி வேண்டிற்று. குடியரசுத் தலைவர் வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறியாடுகளை மேயவிட்டார். 1918இல் அவற்றின் கம்பளி ஏறக்குறைய 98 பவுண்டு ஏலம் விடப்பட்டு, 52,000 டாலருக்கு மேல் அச்சங்கத்துக்குச் சேர்ந்தது.

கூலியும் கொடையும்

இவ்விடத்து மறைக்கலாகாத ஒரு செய்தியுண்டு. மேரி அரசியாரின் வேண்டுகோள் வெளிவந்த காலத்தில் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த மேரி மெக்கார்தர் என்னும் பெண்மணி ஒரு வினா எழுப்பினார். இவர் 1906இல் பெண் தொழிலாளர் கூட்டமைப்பை நிறுவியவர். போர் தொடங்கியவுடன் பல தொழில்கள் நின்று, தையலிலும் பின்னலிலும் கூலி பெற்று வாழ்ந்த பெண்டிர் வேலையிழந்திருந்தனர். செல்வர் வீட்டுப் பெண்டிர் அதே பொருள்களைக் கூலியின்றிச் செய்து குவித்தால் அவ்வேழையர் பிழைப்பதெங்ஙனம் என்பது அவர் வினா. அரசியார் அவரை அழைத்துப் பேசினார். அதன் பயனாக 1914இலேயே வேலையற்ற பெண்டிர்க்குப் பணி தரும் நிதியொன்று அரசியார் பெயரால் தொடங்கப்பட்டது.

வீரனின் கால் காக்கப்பட வேண்டும். அதனைக் காக்கும் காலுறையைப் பின்னுபவளின் வயிறும் காக்கப்பட வேண்டும். இரண்டும் அறமே. அன்பாற் செய்யும் பணி ஒன்று, அதே பணியைக் கூலிக்குச் செய்வாரின் சோற்றைப் பறிக்கக்கூடும் என்பதனை உலகுக்கு உணர்த்தியது பீரங்கி அன்று; ஓர் இணைக் காலுறையே.

கூப்பன் காலம்

இரண்டாம் உலகப் போரில் பற்றாக்குறைக்குச் சட்டமே அளவு வகுத்தது. 1941 ஜூன் 1ஆம் நாள் பிரிட்டனில் ஆடைப் பங்கீடு அறிவிக்கப்பட்டது. செய்தி முன்னரே கசிந்தால் கடைகள் வெறுமையாகும் என அஞ்சி, ஆடைக்கெனத் தனிக் கூப்பனும் அச்சிடவில்லை. உணவுப் பங்கீட்டு ஏட்டில் மார்கரினுக்குரிய கூப்பன்களுள் எஞ்சியவற்றைக் கொண்டே தொடங்கினர். முதலாண்டில் ஒருவர்க்கு 66 கூப்பன். பின்னர் அவ்வளவும் குறைந்தது. ஆடவர் காலணிக்கு 7, கம்பளி மேலங்கிக்கு 16 எனக் கணக்கு. பின்னல் நூலுக்கு 2 அவுன்சுக்கு ஒரு கூப்பன். ஆடவர்க்குரிய ஓர் இணைக் காலுறைக்கு ஏறக்குறைய 4 அவுன்சு வேண்டுமாதலின், நூல் வாங்க இரண்டு கூப்பன் செலவாகும். ஓர் அவுன்சை வீணாக்கினாலும் அரைக் கூப்பன் போயிற்று.

1942இல் அரசு சிக்கன ஆணைகள் பிறப்பித்து, கடையில் விற்கும் ஆடவர் காலுறையின் நீளம் ஒன்பதரை அங்குலத்துக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. 1943இல் உள்ளதைச் செப்பனிட்டு உடுத்துமாறு கற்பிக்கும் சிறு நூலொன்றையும் வெளியிட்டது. கிழிந்த குதிகாலுக்கு இழையோட்டுவதும், நைந்த மேற்சட்டையைப் பிரித்து மீண்டும் பின்னுவதும் அந்நாளில் வீடுதோறும் நிகழ்ந்தன. பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அதனை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, ஆங்காங்கே கட்டி, நீரில் நனைத்து, கீழே சிறு பளு தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கும். தந்தையின் சட்டை மகனின் காலுறையாயிற்று. போர் 1945இல் முடிந்தும் ஆடைப் பங்கீடு 1949 மார்ச்சு வரை நீடித்தது.

அளவின் கணக்கு

இப்பற்றாக்குறைகளுக்கு விடையாகப் பின்னுவோர் கண்ட வழிகளைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, தொடங்குமுன் பங்கிடல். நூலுண்டையை நிறுத்துச் சரிபாதியாக்கிக்கொள்வர். 100 கிராம் இருப்பின் காலுக்கு 50. முதற் காலுறை தன் பங்கினுள் முடிந்தாக வேண்டும். தம்பியின் பங்கில் அண்ணன் கை வைக்கலாகாது என்னும் குடும்ப நீதியே இது.

இரண்டாவது, விரல் முனையிலிருந்து தொடங்கல். மேல்விளிம்பிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வந்தால், நூல் தீரும் இடம் விரல் முனையாகும். விரலின்றிக் காலுறையில்லை. விரலிலிருந்து தொடங்கினாலோ பாதமும் குதிகாலும் முதலில் முழுமை பெறும். நூல் தீரும் இடம் கெண்டைக்கால். ஆங்கே நூல் உள்ள மட்டும் பின்னி, விளிம்பை முடிக்கச் சுற்றளவின் மூன்று நான்கு மடங்கு இழையை வைத்துக்கொண்டு நிறுத்தலாம். எகிப்தியர் கையாண்ட திசை இதுவே. இன்றியமையாததை முதலில் செய்க, குறைக்கக் கூடியதை இறுதிக்கு வைக்க என்னும் நெறி இதிற் பொதிந்துள்ளது. பிரிட்டிஷ் அரசு ஒன்பதரை அங்குலம் என ஆணையிட்டதும் கெண்டைக்காலைக் குறுக்கியதே அன்றோ?

மூன்றாவது, இரண்டையும் ஒருங்கே பின்னல். ஒரே ஊசித் தொகுதியில், ஒன்றினுள் ஒன்றாக இரு காலுறைகளை இரண்டு இழைகளால் பின்னும் அரிய வித்தையும் உண்டு. டால்ஸ்டாய் தம் ‘போரும் அமைதியும்’ புதினத்தின் முடிவுரையில், அன்னா மகாரவ்னா என்னும் செவிலி குழந்தைகள் சூழ நிற்க, ஒரு காலுறையினுள்ளிருந்து மற்றொன்றை உருவியெடுக்கும் காட்சியைப் படைத்துள்ளார். குழந்தைகட்கு அது மாயம். இம்முறையில் இரண்டும் ஒரே அளவினவாய் ஒரே நேரத்தில் முடியும். ஒன்று நிறைந்து ஒன்று குறைவுறும் இடரே இல்லை.

நான்காவது, வேற்று நூலைத் தக்க இடத்தில் சேர்த்தல். விரல் முனை, குதிகால், மேல்விளிம்பு ஆகிய மூன்றிடங்களையும் எஞ்சிய வேறு நிற நூலாற் பின்னினால், முதன்மை நூல் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் போதும். காலணிக்குள் மறையும் இடத்தின் நிறத்தை எவர் காண்பர்? மேலும் தேய்வன அவ்விடங்களே. அங்கு வேறு நூல் இருப்பின், நைந்தபின் அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னலாம். போருக்குப்பின் கம்பளியோடு நான்கிலொரு பங்கு நைலான் கலந்த காலுறை நூல் பெருவழக்காயிற்று. அதன் நோக்கமும் தேய்வைக் குறைத்தலே.

நம் நாட்டுத் தொடர்பு

1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினர் அவ்வாண்டுக் குளிர்காலத்தை மேலைநாட்டு அகழிகளிற் கழித்தனர். வெப்ப நிலத்து மக்களாகிய அவர்க்கு அக்குளிர் பகைவரினும் கொடிது. அவர்க்கு வெப்ப ஆடை முதலியன வழங்கவே இந்தியப் படைவீரர் நிதி என ஒன்று இலண்டனில் அவ்வாண்டே தொடங்கப்பட்டது. 1962இல் சீனப் படையெடுப்பின்போது இமயத்தின் உயரங்களில் நம் வீரர் போதிய குளிராடையின்றி நின்ற செய்தி நாட்டை உலுக்கிற்று. தலைநகரிலும் பிற நகரங்களிலும் மகளிர் வீரர்க்கெனக் கம்பளி ஆடை பின்னத் தலைப்பட்டதை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். லாஹௌல் பள்ளத்தாக்கிலோ பனி வழியடைக்கும் நெடுங்குளிர் மாதங்களில் வண்ணக் கோலங்கள் அமைந்த காலுறைகளைப் பெண்டிர் பின்னுவது இன்றும் தொடர்கிறது. ஆங்கு அது கலையும் வருவாயுமாகும்.

இன்று காலுறை மலிந்த பொருள். கிழிந்தால் எறிந்துவிடுகிறோம். இழையோட்டும் பழக்கம் ஏறத்தாழ மறைந்தது. எனவே இவ்வரலாறு பழங்கதையாகத் தோன்றலாம். ஆயினும் அண்டினோபோலிஸ் குழந்தையின் தாய்க்கும், அகழியில் நின்றவன் வரவை எதிர்நோக்கியவளுக்கும், கூப்பனை எண்ணியவளுக்கும் பொதுவான அறிவொன்று இருந்தது. இருப்பை முதலில் அறிந்து, அதனை இரண்டாகப் பகுத்து, இன்றியமையாததிலிருந்து தொடங்கி, தேயும் இடத்தைத் திருத்தத் தக்கதாக அமைக்கும் அறிவு அது. ஏட்டில் எழுதப்படாமல் கைவழியாகவே வந்தமையால் அதற்குக் கல்வி என்னும் பெயர் கிடைக்கவில்லை.

நீரும் நிலமும் எரிபொருளும் அளவுடையன என்பதனை நாடுகள் இன்று மாநாடு கூட்டிப் பேசுகின்றன. ஓர் உண்டை நூலை மடியில் வைத்திருந்த பெண் அதனை அறிந்தே ஊசியைக் கையில் எடுத்தாள். அவள் முன் நின்றவை இரண்டு கால்கள். ஒன்றுக்கு முழுதும் தந்து மற்றொன்றை வெறுமையாக விட அவள் கணக்கில் இடமில்லை. இருப்பு சிறிதாகும்போது பங்கு நேராக வேண்டும் என்பதே ஓர் இணைக் காலுறை நமக்கு உணர்த்தும் வரலாற்றுப் பாடமாகும்.